மதிலுக்கு வெளியே போகச் சொன்ன காகிதம்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில்தான் இது ஆரம்பித்தது.

விவேக் நகரில் ஒரு வீட்டில் நான் சமையல் வேலை செய்கிறேன். அந்த வீட்டு மேடத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை. சர்க்கார் லிஸ்டுகளையெல்லாம் அவர் கம்பெனிதான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்களை எனக்குக் கொடுப்பார். பாத்திர அலமாரியில் விரிப்பேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் காலண்டரையும் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்துப் பார்த்து நானாகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் தமிழ் படிப்பவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று அலமாரியில் விரிக்க ஒரு தாளை எடுத்தேன். மேலே கொட்டை எழுத்தில் ‘அரசு உத்தரவு’ என்று இருந்தது. மெதுவாகக் கூட்டிப் படித்தேன். வேலை செய்ய இயலாதவர்கள் எல்லோரும் நகரத்தின் மதிலுக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுவார்களாம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வருமாம். ஆளுக்கு ஒரு மூட்டைதானாம்.

பக்கத்து வீட்டில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். மகளுக்கு முப்பது வயது, இடுப்புக்குக் கீழே வலு இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய்ப் படித்துக் காட்டினேன்.

“பெங்களூருக்கு மதில் ஏதுக்கா?” என்றாள் தாய்.

“ரிங் ரோட்டைச் சொல்றாங்க போல” என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் பாருங்கள்! சர்க்கார் காகிதம் என்றால் எங்களுக்குக் கன்னடத்தில்தான் வரும். இது தமிழில் இருக்கவும், நமக்கென்றே போட்டிருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். மேடத்திடம் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றாகிவிடுமே.

மறுநாள் காலை அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே இட்லி விற்கிறவள், “கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோல போய்ட்டாங்க. ஜோலார்பேட்டைத் தங்கச்சி வீட்டுக்காம்” என்றாள். அந்தத் தங்கை, மகளைத் தூக்கிக்கொண்டு இனி வாசல் மிதிக்காதே என்று எப்போதோ சொல்லிவிட்டவள். தெருவுக்கே தெரியும். அங்கே போய் இரண்டு பேரும் எங்கே நிற்பார்கள்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. மேடம் கம்பெனிதானே லிஸ்ட் ஏற்றுகிறது, அந்தப் பெண்ணின் பேரை மட்டும் எடுத்துவிடச் சொல்வோம் என்று விவேக் நகருக்கு ஓடினேன்.

“எந்த லிஸ்ட் ஆன்ட்டி?” என்று விழித்தார் மேடம். தாளை நீட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். “இது நான் எழுதற கதை. கீழ வரைக்கும் படிக்கலையா?”

கண் வலித்ததால் பாதியோடு விட்டிருந்தேன். அவரே படித்தார். வண்டி வந்து நின்றதும் சிறகு முளைத்த நாய்கள் மதில்மேல் வந்து உட்கார்ந்தன என்று இருந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். ஆட்டோக்காரரிடம் “பேகா, பேகா” என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தார்.

நல்லவேளை, ரயில் இன்னும் வரவில்லை. பிளாட்பாரத்தில் தாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், மகள் பக்கத்தில் தரையில். அத்தனை பேர் நடுவில், “நான் தப்பாப் படிச்சுட்டேன், அது கதையாம். எந்திரி, வீட்டுக்குப் போலாம்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. “சும்மா சொல்லாதக்கா. கதைன்னா ராஜா ராணி இருக்கணும். இதுல நம்ம மாதிரி ஆளுங்கதான இருக்காங்க?”

“நான்தாங்க எழுதினேன். எல்லாம் கற்பனை” என்றார் மேடம்.

அவள் மேடத்தை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப ஆளுக்கு ஒரு மூட்டைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க குடிசையெல்லாம் எடுத்தாங்க. காலையில ஆறு மணிக்கு லாரி வந்துச்சு. ஒரு மூட்டைதான்னாங்க. எங்கம்மா அம்மிக்கல்ல விட்டுட்டு வந்துச்சு.”

மேடம் கையிலிருந்த தாளை மறுபடி பிரித்துப் பார்த்தார். நான் இவரைப் பார்க்கிறேன், அவளைப் பார்க்கிறேன். யார் சொல்வது நிஜம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மகள்தான் பேசினாள். “பெரியம்மா, வேலைக்கு ஆகாதவங்கன்னு படிச்சதும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தீங்க. அதுல என் பேரா போட்டிருந்துச்சு?”

மதிலையும் வண்டியையும் மேடம் எழுதினார், சரி. அந்தப் பெண்ணின் பேரை அதில் போட்டது யார்? நான்தானே? தலை குனிந்து நின்றேன். ரயில் வந்தது, நின்றது, போனது. அப்புறம்தான் தாய் மூட்டையைத் தூக்கினாள். நானும் மேடமும் மகளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

வழியில் தாய் கேட்டாள், “கதையில அவங்கள வண்டியில ஏத்திட்டாங்களா?”

“இன்னும் எழுதலைங்க” என்றார் மேடம்.

“ஏத்தாதம்மா.”

இன்றுவரை மேடம் அந்தக் கதையை முடிக்கவில்லை. கேட்டால், “எப்படி முடிக்கறதுன்னு தெரியல ஆன்ட்டி” என்கிறார்.

இல்லாத ஊரையும் இல்லாத நாயையும் வைத்து எழுதினால் அது பொய் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பொய்க்குள் ஒருத்தியின் அம்மிக்கல் எப்படி வந்தது, அதைப் படித்த என் நாக்கில் இன்னொருத்தியின் பேர் எப்படி வந்தது என்பது எத்தனை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்து, “என்ன பெரியம்மா, இன்னைக்கு என்ன உத்தரவு?” என்று சிரிக்கும்போதெல்லாம், எழுத்தைக் கூட்டத் தெரிந்ததையே படிப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.