சௌந்தரம் வைத்த வெடி

எக்ஸ்பிரஸ் வண்டி அரை மணி நேரம் தாமதமானால் டிவியில் எழுத்து ஓடும். கூட்ஸ் வண்டி ஒரு வாரம் நின்றாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கேட் கீப்பராக இருக்கும் எனக்கு இதில் நெடுநாள் கடுப்பு உண்டு. ரேஷன் அரிசி அதில்தான் வருகிறது, யூரியா அதில்தான் வருகிறது, வீடு கட்டும் சிமெண்டும் அதில்தான் வருகிறது. ஆனால் என் கேட்டில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு நீளமான தொந்தரவு. "இன்னாபா மாசிலாமணி, இது முடியவே முடியாதா?" என்று என்னைப் பார்த்து முறைப்பார்கள். ஏதோ நான்தான் பின்னால் இன்னும் நாலு பெட்டி கோத்து அனுப்பியது போல.

அப்படிப்பட்ட கூட்ஸ் வண்டிக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, ஊரே கூடி வரவேற்ற நாள் ஒன்று வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சௌந்தரம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சௌந்தரம் எங்கள் பகுதியின் கீமேன். செய்வது பெண்ணாக இருந்தாலும் வேலைக்குப் பெயர் அதுதான். விடிந்ததும் தோளில் நீளக் கைப்பிடி சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலேயே நடந்து, கழன்ற கிளிப்புகளை அடித்து இறுக்கி, விரிசல் கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவாள். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் இருப்பது வெடி. தண்டவாளத்தில் ஆபத்து என்றால் அதைத் தண்டவாளத்தின் மேல் கட்டிவைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் டமார் என்று வெடிக்கும். டிரைவர் அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனே பிரேக் போட்டாக வேண்டும்.

அந்த வெடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இருக்காது. டிரைவர் ஒருவர் ரிட்டையர் ஆகும் நாளில், அவர் ஓட்டும் கடைசி வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் நாலு வெடி வைத்து வழியனுப்புவார்கள். அதிகாரிகள் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். டிரைவருக்குத்தான் அந்த மரியாதை. பாதையைப் பராமரிக்கும் டிராக்மேன் ரிட்டையர் ஆனால் ஒரு சால்வை, ஒரு போட்டோ, சாம்பார் சாதம்.

சௌந்தரத்துக்குச் சொந்த ஊர் செஞ்சி பக்கம் வல்லம். அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி வளர்ந்தவள். டிராக்மேனாக இருந்த புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் துர்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். வந்த புதிதில், இவள் சுத்தியலைத் தூக்குவாளா என்று சிலர் வாயைப் பொத்திச் சிரித்தது எனக்குத் தெரியும். தூக்கினாள். தூக்கியதோடு நிற்காமல் வாயையும் திறந்தாள். தளர்ந்த கிளிப்பைப் பார்த்தால், "நேத்துதானே உன்ன அடிச்சி ஒக்கார வெச்சேன், இன்னாத்துக்கு எழுந்த?" என்று அதோடு சண்டை போடுவாள். தண்டவாளத்துக்கே அந்தக் கதி என்றால் மனுஷர்கள் எம்மாத்திரம்.

துர்கா டிப்ளமா முடித்து, பரீட்சை எழுதி, விழுப்புரத்தில் அசிஸ்டெண்ட் லோகோ பைலட் ஆனாள். அன்றிலிருந்து அக்காவைப் பிடிக்க முடியவில்லை. "எம்பொண்ணு கூட்ஸ் ஓட்டுது" என்று காய்கறிக்காரரிடம்கூடச் சொல்வாள். "அசிஸ்டெண்ட் தானேக்கா?" என்று நான் ஒருதரம் வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் அவள் கொண்டுவரும் வறுத்த மல்லாட்டையை இழந்தேன்.

அந்தக் கார்த்திகையில்தான் புயல் வந்தது. கடலோரத்தில் கரையேறியது எங்கள் பக்கம் வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. பேய் மழை. என் கேட்டுக்குக் கொஞ்ச தூரம் வடக்கே இருந்த ஏரி உடைந்து தண்ணீர் நேராக ரயில்பாதையில் பாய்ந்தது. வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தெருவீதி அகலத்துக்கு மண்கரையே இல்லை. தண்டவாளமும் குறுக்கே தாங்கும் ஸ்லீப்பரும் மட்டும் ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கின. சௌந்தரம் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல்முறையாக அவளுக்குத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

எக்ஸ்பிரஸ்களை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். கூட்ஸ்களை அங்கங்கே நிறுத்திவிட்டார்கள். திண்டிவனத்தில் மட்டும் ஒரு முழு வண்டி அரிசி நின்றது. தண்ணீர் புகுந்த ஊர்களில் அரிசியெல்லாம் ஊறிப் போயிருக்க, ரேஷனுக்கு வர வேண்டியது அங்கே நின்றுகொண்டிருந்தது.

வேலை ஆரம்பித்தது. தொங்கிய பாதையைத் தாங்கிப் பிடித்து, அடியில் பாறாங்கல் கொட்டினார்கள். அதன் மேல் மணல் மூட்டை, அதன் மேல் மண், அதன் மேல் ஜல்லி. ஜல்லி வண்டி உடைப்பின் ஓரம்வரை வந்து கொட்டிவிட்டுத் திரும்பும். இன்ஜினியர் அரிபிரசாத் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். சேற்றில் ஒரு ஷூ போனதும் இன்னொன்றையும் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு சுற்றினார். முகையூர்ப் பக்கத்து சவுரிராயன் அண்ணன்தான் எங்கள் கேங்குக்கு மேட், அதாவது தலைவர். அந்த மாசக் கடைசியில் அவருக்கு ரிட்டையர்மெண்ட். "கடைசியில எனக்கு இந்த பேஜாரு வந்துச்சி பாரு" என்று முனகிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் மூட்டை தூக்கினார். கேப்பைக் கூழ் என் கேட் ரூமில் கொதித்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் தாங்களாகவே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு கஷ்டத்திலும் அந்த இடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

ஒருவழியாக ஒரு பாதை ஒட்டியது. தனி இன்ஜின் ஒன்று ஊர்ந்து வந்து தாண்டிப் பார்த்தது. அடுத்து, பாரம் ஏற்றிய வண்டி. ஒட்டுப்போட்ட பாதையில் முதலில் விடுவது கூட்ஸைத்தான். ஜனங்களை ஏற்றி யாராவது சோதித்துப் பார்ப்பார்களா? திண்டிவனத்து அரிசி வண்டியைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தது. புதுக்கரை மேல் ஆள் நடக்கிற வேகத்தில், நிற்காமல் போக வேண்டும் என்பது இன்ஜினியரின் கண்டிப்பான உத்தரவு. மண் இன்னும் ஈரம். உருண்டு போகிற பாரம் வேறு, ஒரே இடத்தில் உட்காருகிற பாரம் வேறு என்று எல்லோருக்கும் சொன்னார்.

அன்று மத்தியானம் சௌந்தரத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் துர்கா.

"எம்மா, அரிசி வண்டிய நான்தான் எட்த்துக்கினு வர்றேன். ட்யூட்டி போட்டாங்க. போன ஆஃப் பண்ணப் போறேன், வெச்சிடுறேன்."

அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, சந்தோஷமான சேதிதானே?" என்றேன்.

"சந்தோஷந்தான்டா" என்றாள். பிறகு புதுக்கரைக்கு ஓடினாள். காலையிலேயே பார்த்து முடித்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி தட்டினாள். ஜல்லியைக் காலால் மிதித்துப் பார்த்தாள். மூட்டை இடுக்கில் கசிகிற தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் கையால் போட்ட கரைதான். ஊரே ஏறிப் போகலாம் என்று நேற்றுவரை மார்தட்டியவள்தான். பெற்ற மகள் ஏறி வருகிறாள் என்றதும் எதிலும் நம்பிக்கை வரவில்லை.

வண்டி வந்தது. உடைப்பின் அந்தப் பக்கத்தில், திண்டிவனம் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஊர் ஜனம் இன்ஜினுக்குச் சாமந்தி மாலை போட்டது. சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை வைத்தது சவுரிராயன் அண்ணன். வைத்துவிட்டுச் சிலுவையும் போட்டுக்கொண்டார். சௌந்தரம் இந்தப் பக்கம், என் கேட்டுக்கு அருகில், பச்சைக் கொடியோடு நின்றாள். நடுவில் ஒருதரம் குனிந்து தண்டவாளத்தில் என்னவோ செய்தாள். கிளிப்பைத்தான் இறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

ஹாரன் அடித்து வண்டி நகர்ந்தது. இன்ஜின் புதுக்கரை மேல் ஏறியது. ஜல்லி நறநறவென்றது. அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கும்பிட்டாளா, கரையைத் திட்டினாளா, தெரியாது. இன்ஜின் தாண்டி இறங்கி, கெட்டியான மண்ணுக்கு வந்துவிட்டது. ஜன்னலில் துர்காவின் முகம் தெரிந்தது. அக்கா கொடியை அப்படியொரு வீச்சு வீசினாள்.

டமார். டமார். டமார்.

மூன்று வெடி. பிரேக் கிரீச்சிட்டது. வண்டி நின்றது.

நின்றது இன்ஜின் மட்டுமா? பின்னால் நாற்பதுக்கு மேல் பெட்டிகள். அரிசி நிரம்பிய பெட்டிகள். நட்டநடுப் பெட்டிகள் சரியாகப் புதுக்கரையின் மேல் உட்கார்ந்திருந்தன.

கைதட்டிக்கொண்டிருந்த ஜனம் அப்படியே அடங்கியது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. இன்ஜினியர் வெறுங்காலோடு ஓடிவந்து, தண்டவாளத்தின் ஓரம் தான் நட்டுவைத்த அடையாளக் குச்சியின் முன் மண்டியிட்டார். "எறங்குது... எறங்குது..." என்று அவர் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. சௌந்தரம் வீசிய கொடியை இறக்காமலே நின்றாள்.

விதிப்படி துர்கா சிவப்புக் கொடியோடு இன்ஜினிலிருந்து குதித்து, முன்னால் என்ன ஆபத்து என்று பார்க்க ஓடிவந்தாள். ஆபத்து பச்சைக் கொடியோடு நின்றுகொண்டிருந்தது.

"இன்னாம்மா ஆச்சி? எங்க ஒடஞ்சிருக்கு?"

"எங்கியும் ஒடையல."

"அப்ப வெடி?"

"நான்தான் வெச்சேன்."

துர்கா வாயைப் பிளந்தாள். "எதுக்கும்மா?"

"நம்ம மேட்டு ரிட்டயர் ஆகறாருடி. டிரைவருக்கு மட்டும்தான் வெடியா? இத்தினி மூட்ட தூக்கின மனுஷனுக்கு ஒண்ணும் கெடயாதா? உனக்கும் சேத்துதான் வெச்சேன்."

"வெடி கேட்டா வண்டி நிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"அதான் கரயத் தாண்டி வெச்சேன்! நின்னாலும் இந்தாண்டதானே நிக்கும்னு..." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எம்மாந்தப்பு பண்ணிட்டேன்."

நாங்கள் இன்ஜினியரைப் பார்த்தோம். அவர் குச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு விரல் அளவு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. தண்ணீர் பீய்ச்சுவதும் குறைந்து, சொட்டாகி நின்றது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து எங்களிடம் நடந்து வந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"கூட்ஸ் எவ்ளோ நீளம்னு உங்களுக்குத் தெரியாதாம்மா? எத்தன வருஷமா பாக்கறீங்க?"

"தெரியும் சார்."

"அப்பறம்?"

"எம்பொண்ணு இன்ஜின்லதானே சார் இருந்துச்சி. எனக்கு வண்டின்னா அம்புட்டுதான் தெரிஞ்சிது."

இன்ஜினியர் திரும்பி நின்று அந்த நீள வண்டியைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஓடற வண்டியத்தான் தாங்குமான்னு பயந்துக்கினு இருந்தேன். நீங்க நிக்க வெச்சே காமிச்சிட்டீங்க. எழுதிக் குடுக்கத்தான் செய்வேன், மெமோ வரும், வாங்கிக்கோங்க. ஆனா கர கெட்டி."

கரை கெட்டி என்ற அந்த வார்த்தை ஜனத்துக்குள் பரவியதும் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், காக்காயெல்லாம் பறந்தது. பின்பக்கமிருந்து சவுரிராயன் அண்ணன் சேதி கேட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏம்மா சௌந்தரம், அது எனக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

நின்ற வண்டியை இழுத்துக் கிளப்பும்போது கரைக்கு அடி அதிகம். அதனால் குலுக்காமல் எடுக்க வேண்டும், முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். நாலு பேர் முன்வந்தார்கள். துர்கா படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள்.

"எம்மா, நீயே நட. அந்த வேகத்துக்கு வர்றோம்."

அக்கா கொடியை விரித்துப் பிடித்து நடந்தாள். பின்னால் மாலை போட்ட இன்ஜின் மாடு மாதிரி சாதுவாக வந்தது. நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் துர்கா கையாட்டினாள். அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. இன்ஜினைத் தாண்டி, பெட்டி பெட்டியாகத் தாண்டி, கரை மேல் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

கடைசிப் பெட்டியான கார்டு வண்டியும் புதுக்கரையை விட்டு இறங்கியது. கார்டு பச்சைக் கொடி காட்டினார். அப்போதுதான் அக்கா பாதையை விட்டு ஓரமாக விலகினாள். பக்கத்தில் வந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்து, கண்ணில் தண்ணீர் வழிய, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஓட்டுடி இப்ப! எல்லாம் வந்திடுச்சி, ஜல்தியா ஓட்டு!"