மிருதங்கம் கோதண்டராமய்யரும் காங்கேயத்துக் கவுண்டரும்

சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்காகப் போயிருந்தேன். பவானி ஆற்றில் குளித்துவிட்டு வந்து பிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, கோயமுத்தூரிலிருந்து காலை பஸ்ஸை ஓட்டிவந்த டிரைவர் நேரே என்னிடம் வந்தார். "ஏனுங்க நாயுடு, மிருதங்க ஐயர் போயிட்டாருங்களாமா. அவரு ஊட்டு முன்னால ராஜ வீதியே கூடி நிக்குதுங்க" என்றார். கல்யாண வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போவது என்ன மரியாதை?

இதைப் படிக்கும் உங்களில் பலர் கோதண்டராமய்யரை மேடையில் கண்டவர்கள். சென்னையிலிருந்து கொழும்பு வரை அவருடைய மிருதங்கம் இல்லாமல் பாடமாட்டேன் என்று அடம்பிடித்த பாடகர்கள் உண்டு. அவருடைய கிராமபோன் தட்டு இல்லாத காப்பி ஹோட்டல் நம் ஊரில் கிடையாது. அவர் வித்தையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். தகுதி இல்லாமலே எழுதப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பந்தியில் நான் உட்காரவில்லை. அவருக்கும் காங்கேயம் வேலப்பக் கவுண்டருக்கும் இருந்த சிநேகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வேலப்பக் கவுண்டரும் லேசுப்பட்ட மனிதர் அல்லர். அவர் வளர்க்கும் காளைகளைப் பார்க்கக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் உண்டு. அவர் காளையின் படம் கலெக்டர் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் அவருக்கு ராகம் என்றால் என்னவென்று தெரியாது. ஐயருக்கோ மாடு என்றால் பயம். வீதியில் பால்காரன் பசு எதிரே வந்தால் ஏதாவது கடைக்குள் ஏறிக்கொள்வார். இந்த இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டது ஒரு பஸ்ஸின் அச்சு. தாராபுரத்துக்குக் கச்சேரிக்குப் போகும் வழியில், காங்கேயம் தாண்டி, அது முறிந்துவிட்டது. வெயிலில் வாத்தியங்களோடு நின்ற எங்களைப் பார்த்துத் தம் சவாரி வண்டியில் ஏற்றிக்கொண்டவர் கவுண்டர்.

வண்டி ஒரு கல் தூரம் போயிருக்கும். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி வந்தார். திடீரென்று, "கவுண்டரே, நிறுத்தும். வலது மாட்டுக்குப் பின்னங்கால் ஒண்ணு அரை மாத்திரை தள்ளி விழறது" என்றார். கவுண்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தம் மாட்டைப் பற்றி இன்னொருவன் தமக்குச் சொல்வதா என்ற பார்வை அது. ஆனாலும் இறங்கிக் காலைத் தூக்கிப் பார்த்தார். லாடத்தில் ஓர் ஆணி கழன்றிருந்தது. "பாக்காமயே சொல்லிப்போட்டீங்களே சாமி!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று தாராபுரம் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதுதான் கவுண்டர் வாழ்க்கையில் கேட்ட முதல் கச்சேரி.

அதற்கப்புறம் கோயமுத்தூரில் ஐயர் வாசிக்கும் கச்சேரி எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. பாட்டு நடக்கும்போது தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாடறவரு எப்பங்க நிறுத்துவாரு?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். மிருதங்கம் மட்டும் பேசும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஐயருக்கும் அந்த முகத்தைப் பார்த்து வாசிப்பதில் ருசி கண்டுவிட்டது. "சங்கீதம் தெரிஞ்சவன் தப்பைக் கேட்கிறான். இவர் மிருதங்கத்தைக் கேட்கிறார் ஓய்" என்று என்னிடம் சொல்வார். இவரும் மாதம் ஒரு முறை காங்கேயம் போய்வரத் தொடங்கினார். முதலில் வண்டியைவிட்டு இறங்காமலே மாடுகளைப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். கடைசியில் உள்ளே போனார். போனதுதான் வினையாயிற்று.

கவுண்டரிடம் ராசாத்தி என்று சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசு. பேர்பெற்ற இரண்டு காளைகளுக்குத் தாய். அவர் சாப்பிடும் முன் அதற்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் ஐயர் தைரியமாக அதன் விலாவில் கைவைத்தார். தடவினார். தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக உருட்டிப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "ஆகா, என்ன பதம்! ரெண்டு மூணு கன்று போட்ட பசுவா?" என்றார். கவுண்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "மூணு ஈத்துங்க. அதெப்புடீங்க கண்டுபுடிச்சீங்க?"

"மிருதங்கத்துக்கு வலது பக்கம், வலந்தலைக்கு, இந்தத் தோல்தானே வேணும்! கிழட்டு மாடு உதவாது. தானாச் செத்ததும் உதவாது, நாதம் பேசாது" என்றார் ஐயர். நான் அவர் காலை மிதித்தேன். "ஏன் ஓய் காலை மிதிக்கிறீர்?" என்று என்னையே கேட்டார். பாவி மனிதர்! உலகத்தில் வேறு யாரும் ஒரு பசுவை அப்படிப் புகழ்ந்திருக்கமாட்டார்கள். அவருக்குத் தெரிந்த புகழ்ச்சியில் மிக உயர்ந்தது அதுதான்.

கவுண்டர் முகம் செத்துப்போயிற்று. "ஆட்டுத் தோலுன்னு நெனச்சிருந்தனுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்து மனிதர்களின் மரியாதை அப்போதும் குறையவில்லை. இளநீர் வந்தது, வெற்றிலை வந்தது. வண்டி பூட்டி பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டு, "போயிட்டு வாங்க சாமி" என்றார். ஆனால் அடுத்த கச்சேரியில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த கச்சேரியிலும் அப்படித்தான்.

ஐயர் இளைத்துப்போனார். தனி வாசிக்கும்போது கண் அந்த நாற்காலிக்குப் போகும், கை ஒரு கணம் தயங்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "தானாகச் செத்த மாட்டுத் தோல்தான், அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடுங்களேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்றேன். "பொய்யைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வெச்சுண்டு, நான் எப்படி ஓய் வாசிக்கிறது?" என்றார். 

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். முழுக்க முழுக்க ஆட்டுத் தோலிலேயே ஒரு மிருதங்கத்துக்கு மூட்டுப் போட்டுத் தோல் கட்டச் சொன்னார். காங்கேயத்தில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தார். கவுண்டர் வருவார் என்று நம்பினார். அவர் வரவில்லை. வாத்தியம் பேசவில்லை. வலது கை எவ்வளவு மன்றாடியும் அந்தக் கணீரென்ற நாதம் வரவே இல்லை. மேடையில் இருந்த பாடகர் சபைக்குக் கேட்கும்படியே, "என்ன ஐயரே, தகர டப்பா கொண்டுவந்திருக்கீரா?" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். கோதண்டராமய்யரைப் பார்த்து ஒரு சபை சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் தலை நிமிராமல் மங்களம் வரைக்கும் வாசித்து முடித்தார்.

சிரித்த செய்தி மறுநாள் பொழுது சாய்வதற்குள் கவுண்டர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் அவர் ராஜ வீதியில், ஐயர் வீட்டுக் கூடத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, என்ரனால உங்க வாத்தியத்தக் கெடுத்துக்கிட்டீங்களாமா? அந்தப் பழி எனக்கு வேண்டாமுங்க."

"நீர் வராத கச்சேரியில அது நன்னாப் பேசி என்ன ஆகணும்?" என்றார் ஐயர்.

கவுண்டர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்க மேல கோவமில்லீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு என்ர மூஞ்சி தெரியுதுங்க. ரெண்டு ஈத்து, மூணு ஈத்துக்கு மேல சினை புடிக்காத மாட்ட நான் சந்தையில வித்துப்போடுவனுங்க. மலையாளத்துப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போவாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? கயித்த மாத்திக் குடுத்துப்போட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவனுங்க. அதுல ஒரு மாடு உங்க மிருதங்கத்துல இல்லீன்னு நான் எப்புடீங்க சொல்லுவேன்?"

ஐயர் எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் ஆசாரத்தை அணுப் பிசகாமல் பார்த்த மனிதர் அவர். ஐயரின் மனைவி, மாமி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "என்ன செய்யணும், சொல்லும். இனிமே தொடாதேன்னா தொடலை" என்றார் ஐயர். வெறும் பேச்சில்லை அது; விட்டிருப்பார். வேறு எந்தப் பிழைப்பும் தெரியாதவர், விட்டிருப்பார். 

"பழையதுலயே வாசிங்க சாமி" என்றார் கவுண்டர். "செத்தும் பேசுதுங்களே, அது பேசட்டும். நான் வந்து கேக்கறனுங்க. ஆனா நான் அழுதா நீங்க நிறுத்தப்படாது."

அவர் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். அழுதார். ஐயர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து ஐயரின் வாசிப்பு மாறிப்போயிற்று. வெறும் சத்தத்துக்காக ஒரு தட்டும் விழுவதில்லை. அடிப்பது குறைந்து தடவுவது கூடியது. வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். கை தளரவில்லை ஐயா, மனசு இளகியிருந்தது. கவுண்டரும் அப்புறம் ஒரு மாட்டையும் சந்தைக்கு ஓட்டவில்லை. கறவை நின்றவை, சினை நிற்காதவை எல்லாம் அவர் மேய்ச்சல் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. வைக்கோலுக்கே சொத்து கரைகிறது என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

சென்ற மாதம் ஐயரின் காரியங்கள் முடிந்த மறுநாள், எல்லோரும் கூடத்தில் இருந்தோம். சபாக் காரியதரிசி அந்தப் பழைய மிருதங்கத்தைக் கேட்டு வந்திருந்தார். கண்ணாடி அலமாரியில் வைத்து மாலை போடப்போகிறார்களாம். சிஷ்யப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் அதைப் பார்த்து நின்றார்கள். அப்போது கவுண்டர் மாமியின் முன் வந்து கும்பிட்டார்.

"அம்மா, அத எனக்குக் குடுங்க. எங்க ஊட்டுல மாடு செத்தாத் தோல உரிக்க உடமாட்டமுங்க. தோட்டத்துலயே பொதச்சுருவமுங்க. இந்த மிருதங்கத்துல இருக்கற மாட்டுக்கு மட்டும் இன்னும் மண்ணு கெடைக்கலீங்க."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "அந்த நாதத்தையா மண்ணில் போடுவது?" என்று கத்தியேவிட்டேன்.  மாமி என் பக்கம் திரும்பி, "அவர் இருந்தா என்ன சொல்வார் நாயுடு?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "முதலில் கவுண்டரைத் திட்டுவார். அப்புறம் தாமே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்" என்றேன். அத்தனை நாளுக்கப்புறம் மாமி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் எடுத்துக்கொடுத்தாள்.

நானும் கூடப் போனேன். மாடுகளைப் புதைக்கும் வேப்பமரத்தடியில் குழி வெட்டியிருந்தது. கவுண்டர் மிருதங்கத்தைப் புது வேட்டியில் சுற்றித் தாமே இறங்கி வைத்தார். மண்ணைத் தள்ளும் முன், அதன் வலந்தலையை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். அவர் மாடுகளைத் தடவிக்கொடுப்பது போலத்தான் இருந்தது. "போயிட்டு வா கண்ணு" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஐயருக்காக நான் அழுதது அந்தக் குழியருகேதான்.

போன வாரம், அவர் இல்லாமல் முதல் கச்சேரி வாசிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பையன் மிருதங்கத்தோடு இருந்தான், நல்ல கைதான். பாடகர் ஆரம்பித்தார். நான் வில்லை எடுத்தேன். என் பிடிலில் இருப்பது ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு. சிறு வயதிலிருந்து தினமும் அதைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஒரு நாள் மேய்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வில் நரம்பின் மேல் நின்றுவிட்டது; கை போகவில்லை. பாடகர் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசித்தேன்.

கோதண்டராமய்யரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, வில் அப்படி நின்ற அந்தக் கொஞ்ச நேரம். அதற்கப்புறம் வாசித்த கச்சேரிகளிலும் அது வந்தது. வராமல் இருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.