வேட்டியில் வெட்டிய மூலை

பெரிய கங்காணி, என் மகள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்காக என்னைத் தலைமுழுக வைத்தது நீங்கள். நாம் குடியிருக்கும் தோட்டத்து லயத்தின் குழாயடியில், எல்லாரும் பார்க்க, முதல் வாளித் தண்ணீரை எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்.

தலையில் ஊற்றிக்கொண்டது நான். அது ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றை ஆறு வருடமாக மறைத்து வைத்திருக்கிறேன். வாசிப்பவர்களே, அதை உங்களிடம் சொல்கிறேன். என் பேரப்பிள்ளைக்கு நான் தைத்த சட்டையை நானே பாழாக்கினேன்.

என் மகள் அஞ்சலை வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவள் செய்தது அவ்வளவுதான். ரயில் பாதையில் வேலை பார்த்த அவனோடு பக்கத்து டவுனான பெக்கோக்கில் குடியிருந்தாள். தாயில்லாப் பெண். அவளுக்கு ஏழு மாதம் என்று அங்கே காதர் பாய் மளிகைக் கடையில் என் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வேன். பிரம்பைக் கீறிப் பின்னி, உள்ளே நாலு ரப்பர் கொட்டைகளைப் போட்டுக் கிலுகிலுப்பை செய்தேன். ஆட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து, கிழவன், ஆட்டி ஆட்டிச் சிரித்தேன்...

பிறகு சட்டை. எங்களில், பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வீட்டுப் பெரியவர் கட்டிப் பழகிய துணிதான் அதன் உடம்பில் முதலில் படவேண்டும். அஞ்சலைக்கு என் அப்பாவின் வேட்டி. அவள் பிள்ளைக்கு என் வேட்டி. வேறு யாருடையது?

வேட்டி மூலையில் வண்ணான் குறி இருந்தது. கறுப்பு மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. வெளுத்து வந்த மூட்டையில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் அஞ்சலை எங்கள் துணிகளைப் பொறுக்குவாள். பார்த்த கணமே அப்பா வேட்டி என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் கத்தரியை எடுத்து அந்த மூலையை வெட்டினேன்.

அவளுக்குத் தெரிந்தால் வெளியே வரும். வந்தால் கங்காணி காதுக்குப் போகும். திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் நடக்கும் இடம் எனக்குப் போய்விடும். பேரப்பிள்ளையை விட அந்த இடமா எனக்குப் பெரிது? ஆமாம். அன்று பெரிதாகத்தான் இருந்தது.

காதர் பாய் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “என்னாண்ணே, ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. பிள்ளைக்கா, குரங்குக்கா?”

“குடுக்கச் சொன்னதக் குடு பாய். யாரு தச்சான்னு கேட்டா ஒங்க வீட்டம்மான்னு சொல்லு.”

“என் பொஞ்சாதி இப்புடித் தச்சான்னு சொன்னா அவ என்னைய உசுரோட விடமாட்டா.”

ஆனாலும் பாயின் மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்துக் கடைக்கு ஓடினேன்.

“போட்டாளா தங்கச்சி?”

“கிலுகிலுப்ப ஆடிக்கிட்டேதான் இருக்குண்ணே. சட்டதான்...” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “‘இது யாரு கட்டுன வேட்டி அக்கா?’ன்னு கேட்டா. எங்க வூட்டுல கைலிதான் கட்டுவாகன்னு அவளுக்குத் தெரியாதா? நான் முழிச்சேன். ‘யாரு துணின்னு தெரியாம பச்சப்புள்ள மேல எப்புடிப் போடுறது’ன்னு புருசனோட பழைய சட்டையக் கிழிச்சுப் போட்டுட்டா.”

“நான் தச்சது?”

“வெளக்குக் கண்ணாடி தொடைக்க வச்சிருக்கா.”

அப்போதே போயிருக்கலாம். அவள் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம். அந்த மூலை என் வெற்றிலைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். நான் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தேன். எத்தனையோ தரம் அப்படித் திரும்பி நடந்தேன்...

போன மாதம் அதே கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அஞ்சலை வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி. நெற்றி அப்படியே என் மனைவியின் நெற்றி. அஞ்சலை என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. எண்ணெய்ப் போத்தலைக் காதர் பாயிடம் நீட்டினாள்.

“யாரும்மா அது?” என்று பிள்ளை கேட்டது.

“தோட்டத்து ஆளு” என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளைச் செத்தவளாக்கிவிட்டு, அவள் வாயில் அப்பா என்று வரவேண்டும் என நான் எப்படிக் கேட்பேன்?

இதை எழுதியதால் எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. அந்தத் துண்டு இன்னும் பைக்குள் இருக்கிறது. வெற்றிலைக் கறை ஏறியும் குறி அழியவில்லை.

பெரிய கங்காணி, வரும் திருவிழாவில், கரகம் எடுக்குமுன், நான் அதே குழாயடியில் நிற்பேன். இந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் செய்ததை என் வாயால் சொல்வேன். நீங்களும் வரவேண்டும். என் மகள் செய்த குற்றம் என்ன? லயத்தில் உள்ள அத்தனை பேரும் கேட்க, அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள்.