கார்க் கதவில் மரச்சீனிப் பசை

மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சுவது அந்தத் தேர்தலுக்கு என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மைதாப் பசையில் ஒட்டிய சுவரொட்டிகள் குளச்சல் காற்றில் இரண்டே நாளில் வாய் பிளந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, நானே காய்ச்சினேன். விளாம்பிசினும் சேர்த்தேன். மழை பெய்தாலும் மாடு நக்கினாலும் அது அசையவில்லை. கல்லூரியில் ரசாயனம் படித்த திமிர் எனக்கு.

பிரசாரத்துக்குக் கார் வாங்கித் தந்தவள் அக்கா. அவள் மாமனாரின் கறுப்புக் கார். "போன மாதிரியே திரும்பி வரும் மாமா, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி வாங்கினாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. அந்த வீட்டில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. நான் நான்கு கதவுகளிலும் சுவரொட்டியை ஒட்டி, ஐந்து வாரம் கன்னியாகுமரிக்கும் தக்கலைக்குமாக வெயிலில் ஓட்டச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓட்டுப்பதிவு முடிந்த அடுத்த நாளே காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை அக்காவின் நாத்தனாருக்கு நிச்சயதாம்பூலம்; மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர அந்தக் கார் போக வேண்டும். வெளியூர் போயிருந்த மாமனார் பொழுது சாய வந்துவிடுவார். நான் காரைக் கொண்டு சேர்த்தபோது மதியம் இரண்டு மணி.

காகிதம் கிழிந்து வந்தது. பசை வரவில்லை. காய்ந்த மீன்தோல் மாதிரிக் கதவோடு இருந்தது. மண்ணெண்ணெய் போட்டேன்; நாற்றம்தான் மிச்சம். பேனாக்கத்தியை விரித்தேன்.

"ஏலே, கத்தி பட்டுதுன்னா உன் கைய ஒடிச்சிருவேன்" என்றபடி அக்கா வந்தாள்.

கத்தியை மடக்கிவிட்டுத் தேங்காய்க் கதம்பை நாரையும் அடுப்புச் சாம்பலையும் எடுத்தேன். அதையும் பிடுங்கி எறிந்தாள். "இது என்ன வெங்கல உருளியா, போட்டுத் தேய்க்கதுக்கு?"

பழைய சாக்குகளைச் வெந்நீரில் முக்கி, நான்கு கதவுகளிலும் விரித்து அப்பினாள். அரைமணி நேரம் தொடக்கூடாது என்றாள். என்னால் நிற்க முடியவில்லை. காரைச் சுற்றினேன். தெருமுனை வரை போய் மாமனார் வருகிறாரா என்று பார்த்தேன். ஓடிவந்து ஒரு சாக்கைத் தூக்கினேன். இன்னொன்றைத் தூக்கினேன்.

"கெழங்கு அவியதுக்கு முன்ன எத்தன வாட்டிலே பானைய தொறப்ப? உன் பசைதானே, அதோட கொணம் உனக்குத் தெரியாதா?"

மூன்றாம் முறை வெந்நீர் மாற்றியபோது பசை கொழகொழவென்று இளகியது. விரலால் வழித்தோம். ஒரு பொட்டு மிச்சமில்லை. நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரொட்டி இருந்த இடம் மட்டும் புத்தம் புதுக் கறுப்பாக மின்னியது. சுற்றியிருந்த வண்ணம் ஐந்து வார வெயிலிலும் உப்புக்காற்றிலும் சாம்பல் பூத்துக் கிடந்தது. நான்கு கதவிலும் நான்கு சதுரங்கள். தேய்த்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை.

"தேங்காயெண்ணெ" என்றேன். வெளுத்த இடமெல்லாம் தடவினோம். கறுத்தது. பத்தடி தள்ளி நின்றால் சதுரம் தெரியவில்லை. நான் மறுபடியும் துள்ளத் தயாரானபோது மாமனார் தெருவில் திரும்பிவிட்டார்.

காரைச் சுற்றி வந்தார். ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார்.

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியிருக்கியளோ?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் அக்காவிடம் திரும்பினார். "போன மாதிரி வந்திருக்கா மக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளையே பார்த்தேன். அவள் தன் முந்தானையால் கதவை அழுத்தித் துடைத்தாள். சதுரம் வெளியே வந்தது.

"இல்ல மாமா. வெளுத்துப் போச்சு. எண்ணெ போட்டு மறச்சோம்."

அவர் குனிந்து சதுரத்தைப் பார்த்தார். குற்றம் என்னுடையது என்று என்னென்னவோ உளறினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"செரி. நாளைக்கு எண்ணெயோட போகட்டும். சாவிய நீயே வச்சுக்கிடு. இனி ஆருக்காவது குடுக்கணும்னா, நீ பாத்துக் குடு" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

மறுமாதம் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போக அக்காவிடம் கார் கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.