மணலுக்குள் நின்ற வண்டி

ஊர் சுற்றிக் காட்டும் பிழைப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: வருகிறவர் எதைக் கேட்பாரோ அது மட்டும் நம் பட்டியலில் இருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலூரில் ஒரு டிராவல்ஸில் வழிகாட்டி. ஆம்பூருக்குத் தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் ஓய்வு நாட்கள் என் தலையில்தான் விழும். இதே வேலையில் அவதிப்பட்டவர்களுக்கு என் பேஜார் புரியும்.

கோட்டை வேண்டாமாம்

ஹெரால்ட் இங்கிலாந்துக்காரர், அறுபது வயது. ஷூ கம்பெனிக்குத் தோல் வாங்க வந்தவர். பழைய கார் என்றால் உயிர். நண்பர்களோடு ஏதோ ஒரு பாலைவனத்தில் பழைய கார்கள் ஓட்டிய போட்டோக்களைக் காட்டினார். கோட்டை, ஏலகிரி என்று நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளும் பழைய காரும் வெறும் மணலும் காட்டினால் போதும் என்றார். மணலுக்குக் கவலையில்லை, பாலாறு இருக்கிறது. காருக்கு எங்கே போவது? டிரைவர் கரீம் பாயிடம் யோசனை கேட்டேன்.

"நம்ம ஊர்ல ஓடுற வண்டி எல்லாமே பழசுதான் கிறிஸ்டிம்மா. ஓடாததா வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

டிரைவர் சீட்

முதல் நாள் பேரணாம்பட்டில், மூடிக் கிடந்த, தோல் பதனிடும் ஒரு டேனரிக்குப் போனோம். முதலாளி இறந்ததும் அவருடைய காரை ஷெட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டார்களாம். வாட்ச்மேன் திறந்துவிட்டார். டயர் நாலும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. பானெட்டில் விரல் வைத்தால் தூசிக்குள் புதைந்தது.

ஹெரால்ட் கதவைத் திறந்து சீட்டுகளைத் தடவினார். பின் சீட்டுத் தோல் காய்ந்து வெடித்திருந்தது. டிரைவர் சீட்டைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். என்னையும் தொடச் சொன்னார். மெத்தென்று, பளபளவென்று, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நடுவில் குழிந்திருந்தது. புழக்கத்தில் இருக்கிற தோல்தான் இப்படி இருக்கும், இதில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வாட்ச்மேன் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டி ஒம்பது வருஷம் ஆவுதும்மா. அந்த சீட்ட மட்டும் இன்னா ஏதுன்னு கேக்காதீங்க."

பித்தளைத் தகடு

மறுநாள் பாலாறு. கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த மணல். லாரிகள் மணல் அள்ளிய பள்ளம் ஒன்றின் ஓரத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் நின்றிருந்தார். பள்ளத்துக்குள் ஒரு காரின் கூரை தெரிந்தது.

அவர் பெயர் சுந்தரம், குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர். அவர் அப்பா ஒரு முதலாளிக்குக் கார் டிரைவர். இருபத்தாறு வருடத்துக்கு முன் மழைநாளில் காரோடு போனவர் திரும்பவில்லை. காரைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அவர்கள் திருடன் குடும்பம். மணலில் கார் தெரிகிறது என்று லாரிக்காரர்கள் பேசியதைக் கேட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வந்திருந்தார். கையில், காரின் நம்பர்களெல்லாம் எழுதியிருந்த அந்தப் புகாரின் நகல். ஆனால் நம்பர் பிளேட் துருவேறி உதிர்ந்திருந்தது.

நான் சொன்னதைக் கேட்ட ஹெரால்ட் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். லாரி ஆட்களும் கரீம் பாயும் முன்பக்கத்தைத் தோண்டினார்கள். எங்கே தேட வேண்டும் என்று ஹெரால்டுக்குத் தெரிந்திருந்தது. பானெட்டுக்கு அடியில், சேசிஸ் நம்பர் பொறித்த ஒரு பித்தளைத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் தமிழில் சொன்னேன். சுந்தரம் புகார்த்தாளில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி எண்ணும் சரியாக இருந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு டிரைவர் பக்கம் தோண்டினார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே ஆள் இல்லை, மணல்தான். ஹெரால்ட் கையாலேயே மணலை விலக்கி, கியர் ராடை வெகுநேரம் பார்த்தார். சுந்தரத்திடம் அப்படியே சொல்லச் சொன்னார்.

"கியர் ரிவர்ஸில் இருக்கிறது. உங்கள் அப்பா வெள்ளத்தைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் திரும்பத்தான் பார்த்திருக்கிறார்."

குடியாத்தத்துச் சந்து

சுந்தரத்தை எங்கள் வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டோம். சந்து முனையிலேயே அவர் அம்மா நின்றிருந்தார், யாரோ சொல்லி அனுப்பியது போல. யாரும் சொல்லவில்லை. சுந்தரம் இறங்கி அந்தப் புகார்த்தாளை அம்மாவிடம் நீட்டினார். கியரைப் பற்றி அதுவரை அந்த ஆற்றுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அந்த அம்மா, கரண்ட் போய்விட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்கப்பா வண்டிய பின்னால எடுக்குற சத்தம் தெனம் விடியக்காலைல கேக்கும்டா. நீ பயந்துடுவேன்னு சொல்லல. இன்னிக்குக் கேக்கல."

எங்கள் டிரிப் ஷீட்டில் 'பார்த்த இடங்கள்' என்ற கட்டம் விரல் அகலம்தான் இருக்கும் என்பதால், 'பாலாறு, குடியாத்தம், பழைய கார் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.