நாலு சென்டிமீட்டர் பாக்கி

1981 கோடையில் திருத்தணியில் ஒரு செய்தி பரவியது. மற்ற ஊர்களைவிட இந்த ஊரில் பூமி அதிகமாக இழுக்கிறதாம். எவ்வளவு அதிகம்? நூற்றுக்கு ஐந்து பங்கு. கணக்கோடு வந்த வதந்தி என்பதால் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. மலைப்படி ஏறினால் முட்டி வலிப்பது இதனால்தான் என்று படியே ஏறாதவர்கள் விளக்கினார்கள். எடை குறைகிறதே என்று கேட்டவரிடம் பஜார் வெல்லக்காரர், "நான் இன்னாங்க பண்ணட்டும்? தட்டை நானா இழுக்கறேன், பூமி இழுக்குது" என்று கையை விரித்தார். பள்ளிப்பட்டு பஸ் மேட்டில் திணறியபோது கண்டக்டரும் அதையே சொன்னார். மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர்கள் கருவிகளோடு வரப்போகிறார்கள் என்றும் பேச்சு.

சரி, இதைச் சொன்னது யார் என்று விசாரித்தால், வெல்லக்காரர் கண்டக்டரைக் காட்டினார். கண்டக்டர் பிளஸ் டூ படிக்கும் தம்பியைக் காட்டினார். தம்பி தன் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தைக் காட்டினான். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவர் வேடியப்பன், ஆய்வக உதவியாளர்.

"பூமி மேல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றார் அவர். "குத்தம் என்னுது."

வேடியப்பன் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள். எட்டாவது வரை படித்தார். 1962-இல் இந்தப் பள்ளியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டே வருஷம். அவர் கையில் கொடுக்கப்பட்ட இருப்புப் பதிவேட்டின் முதல் பதினோரு பக்கம் தெலுங்கில் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தமிழ். இரண்டு சர்க்காரும் ஒரே குரலில் சொன்ன சில விஷயங்களில் ஒன்று: மீட்டர் ஸ்கேல், மரம், ஒன்று.

வேலையில் சேர்ந்த அன்றே அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு பாடம் நடத்தினார். "தபாருப்பா, இங்க இருக்கற சாமானை எவனும் எடுக்கக் கூடாது. எடுத்தா உடையும். உடைஞ்சா உன் சம்பளத்துல பிடிப்பாங்க. சயன்ஸுன்னா பூட்டு. அவ்ளோதான்."

அந்தப் பூட்டுக்கு வருஷம் ஒருமுறை மரியாதை நடக்கும். சரிபார்ப்பு அதிகாரி வருவார். அலமாரி திறக்கும். "ஸ்கேல்?" என்பார். வேடியப்பன் தூக்கிக் காட்டுவார். "ஒன்று" என்று ஒரு டிக். அலமாரி மூடும். காந்தம் இரும்பை ஈர்க்கும் என்று நாற்பது பிள்ளைகள் பக்கத்து வகுப்பில் கத்திக் கத்தி மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். காந்தம் சுவருக்கு இந்தப் பக்கம் பழைய துணியில் சுற்றியபடி தூங்கும்.

1971 மழைக்காலத்தில் அலமாரிக்குள் கரையான் வந்தது. ஸ்கேலின் ஒரு முனையைத் தின்றது. முனையில் இருந்த பித்தளைப் பூண் கழன்று கையோடு வந்துவிட்டது. வேடியப்பனுக்கு வயசு போய்க் கல்யாணமாகி, தாயம்மாள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நேரம். சம்பளத்தில் பிடித்தால் வீட்டில் உலை வைக்க முடியாது. ரம்பம் எடுத்தார். கரையான் தின்ற நாலு சென்டிமீட்டரை நேராக அறுத்தார். பூணை மறுபடி மாட்டி ஆணி அடித்தார். அறுத்த துண்டு அன்றைக்கு ஆசிரியர்களுக்குப் போட்ட டீக்கு அடுப்பில் எரிந்தது. ஸ்கேலில் பத்துக்குப் பத்துதான் எண் இருந்தது. பூணுக்குப் பக்கத்தில் கோடுகளும் தேய்ந்து போயிருந்தன. பத்து என்ற எண் பூணிலிருந்து ஆறு சென்டிமீட்டரிலேயே வந்து நின்றது.

அந்த வருஷம் முழுக்க அவருக்குத் தூக்கம் சரியில்லை. யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சரிபார்ப்பு அதிகாரி வந்தார். "ஒன்று" என்று டிக் போட்டார். போய்விட்டார்.

அடுத்து வகுப்பில் தனி ஊசல் சோதனை வந்தது. ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நீளத்தை அளந்து, இருபது தடவை ஆட எத்தனை விநாடி என்று பார்த்தால், பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடலாம். விடை 980-க்குப் பக்கத்தில் வரவேண்டும். வேடியப்பன் எட்டாவதுதான், ஆனால் ஒன்பது வருஷம் அந்த அறையில் நின்று கேட்டவர். ஸ்கேல் குறைந்தால் விடை தப்பும் என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும். மாட்டினோம் என்று மூலையில் நின்றார்.

முதல் பையன் 980 என்றான். இரண்டாமவன் 979. மூன்றாமவன் 980.2. கடைசிப் பையன்வரை பூமி இம்மி பிசகவில்லை.

வேடியப்பன் தப்பித்துவிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் தாயம்மாளிடம் கத்தினார். "நான் அறுத்து வச்சிருக்கேன்டீ! நாலு சென்டிமீட்டர்! அத்தக் கண்டுபிடிக்கக்கூட அங்க ஒருத்தனுக்கு வக்கு இல்ல. ஒருத்தனும் அளக்கவே இல்ல!"

"அளந்தா வேலை போயிருக்கும். சோத்தைத் துன்னு" என்றாள் தாயம்மாள்.

விஷயம் இதுதான். பௌதிகம் நடத்திய சடகோபன் சார் கரும்பலகையில் முதலில் 980 என்று எழுதி அடிக்கோடு போடுவார். பிறகு, "பின்னாலேருந்து வாங்கடா" என்பார். விடையிலிருந்து நேரம், நேரத்திலிருந்து நீளம். குண்டு அதுபாட்டுக்கு ஒரு பக்கம் ஆடும், கல்யாண வீட்டு வாழைமரம்போல ஓர் அலங்காரம். நாற்பது பேருக்கு ஒரே ஸ்டாப் வாட்ச், அதுவும் தலைமையாசிரியர் மேசை டிராயரில். சடகோபன் சாரும் கல்லூரியில் இப்படித்தான் பாஸ் பண்ணியவர். அவரைக் கேட்டால், "சிலபஸ் முடிக்கணுமா, குண்டு ஆட்டிக்கினு இருக்கணுமா?" என்பார். சிலபஸ் வருஷா வருஷம் முடிந்தது.

பிளஸ் டூ வந்தது. வாசலில் மேல்நிலைப்பள்ளி என்று புதுப் பலகை ஏறியது. உள்ளே அதே ஸ்கேல். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவது என்று ஆனது. பிள்ளைகளின் காதில் 980 என்று ஓதும் பொறுப்பு வேடியப்பனுக்கு வந்து சேர்ந்தது. எரிச்சலோடுதான் செய்தார், ஆனாலும் செய்தார்.

1981-இல் பிளஸ் டூ எழுதியவள் வரலட்சுமி. அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஜெகநாதனின் மகள். அந்தத் தெருவில் பெண் பிள்ளை பஸ் ஏறிப் படிக்க வந்ததே அதிசயம். ஜெகநாதன் சொல்லியிருந்தார்: நல்ல மார்க் வாங்கி வேலூரில் பி.எஸ்ஸி. பௌதிகம் கிடைத்தால் அனுப்புகிறேன், கிடைக்காவிட்டால் தறி. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவாள். பிறந்ததிலிருந்து பாவு நூலை எண்ணி வளர்ந்தவள், இருபது ஆட்டத்தை எண்ணுவது அவளுக்கு ஒரு வேலையா?

பயிற்சி வகுப்பில் டிராயரிலிருந்த ஸ்டாப் வாட்சைக் கேட்டு வாங்கி எண்ணினாள். 1027 வந்தது. சடகோபன் சார் சிவப்பு மையால் அடித்து 980 போட்டார். மறுபடி செய்தாள். 1025. மறுபடி. 1028.

"சார், எனக்கு மட்டும் ஏன் சார் அதிகமா வருது?"

"உனக்கு வாய் அதிகம். அதான்."

வேடியப்பன் குழாயைக் கழுவிக்கொண்டே இதைப் பார்த்தார். பத்து வருஷமாக அவர் காத்திருந்த ஆள் வந்துவிட்டாள். வந்த பிறகு அவர் அடுத்த குழாயை எடுத்துக் கழுவினார்.

தேர்வு நாள். அந்த வருஷம் நாற்பது பேருக்கும் தனி ஊசல்தான். வேடியப்பன் தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்தார். "பாப்பா, 980."

"குண்டு அப்பிடி ஆடலையே, வேடியப்பண்ணா."

"அது எப்பிடி ஆடினா இன்னா, நீ எழுதும்மா."

அவள் 1027 என்று எழுதினாள். வெளித்தேர்வாளர் தாளை எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, பூமி உன்னை மட்டும் தனியா இழுக்குதா?"

"தெரியலைங்க சார். இங்க அப்பிடித்தான் வருது."

"இங்கன்னா? திருத்தணியிலயா?"

"ஆங் சார்."

அறையே சிரித்தது. வதந்தி பிறந்த இடம் அதுதான். அன்று சாயங்காலமே அது பஸ் ஏறிவிட்டது.

தேர்வாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஐம்பதுக்குப் பதினொன்று போடப் போகிறார் என்பது பேனா போகிற திசையிலேயே தெரிந்தது. பதினொன்று என்றால் பெயில். பெயில் என்றால் தறி. வேடியப்பன் கையில் டீத் தட்டு இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"சார். ஸ்கேல் குறைச்சல் சார்."

"யோவ் வேடியப்பா, நீ போய் சாப்பாடு வந்துச்சான்னு பாரு" என்றார் சடகோபன் சார்.

"நாலு சென்டிமீட்டர் குறைச்சல் சார். நான்தான் அறுத்தேன்."

தேர்வாளர் ஒரு பிள்ளையின் பெட்டியிலிருந்து அரை அடி ஸ்கேலை வாங்கி மர ஸ்கேலின் பக்கத்தில் வைத்தார். பத்து என்ற எண்ணுக்கு நேராக ஆறு இருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் ஆறுதான். அவர் வரலட்சுமியைப் பார்த்தார். பிறகு மேசையில் அடுக்கியிருந்த மற்ற தாள்களைப் பார்த்தார். முப்பத்தொன்பது தாள். இதே ஸ்கேல். முப்பத்தொன்பது 980. அவர் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தலைமையாசிரியர் வரவழைக்கப்பட்டார். பதிவேடும் வந்தது. அவர் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "மீட்டர் ஸ்கேல்னு இருக்கு. மீட்டர் ஸ்கேல்னா ஒரு மீட்டர்தான் இருக்கும். வருஷா வருஷம் சரிபார்த்துக் கையெழுத்து ஆகியிருக்கு."

"நான் அறுத்தேன்னு சொல்றேனே சார். மெமோ குடுங்க சார்" என்றார் வேடியப்பன்.

"எதுக்குய்யா மெமோ? குறையாத ஸ்கேலை நீ எப்படி அறுத்திருக்க முடியும்?"

எந்தச் சம்பளப் பிடித்தத்துக்கு அவர் பத்து வருஷம் நடுங்கினாரோ, அதை இன்று கேட்டு வாங்கவும் வழியில்லை. அவரைத் தண்டித்தால் ஸ்கேல் குறைந்தது என்று ஆகும். ஸ்கேல் குறைந்தது என்றால் முப்பத்தொன்பது பேரும், சடகோபன் சாரும், பத்து வருஷத்து டிக்குகளும் என்ன ஆவது?

வரலட்சுமி எழுந்தாள். "சார், நான் எழுதினது சரியா, தப்பா?"

தேர்வாளர் பேனாவை மூடினார். "சரிதாம்மா. ஆனா விடை தப்பு."

"அப்ப பத்து நிமிஷம் குடுங்க சார்."

தாளை வாங்கினாள். அளந்த மூன்று நீளத்திலும் நாலு நாலாகக் கழித்தாள். எண்பது எழுபத்தாறு ஆனது, தொண்ணூறு எண்பத்தாறு, நூறு தொண்ணூற்றாறு. மறுபடி கணக்கைப் போட்டாள். 981 வந்தது. அந்த ஆய்வகத்தில் ஆட்டத்தை எண்ணி, நீளத்தை அளந்து, தப்பைத் திருத்தி ஒருத்தர் கண்டுபிடித்த முதல் விடை அது. அடியில் ஒரு வரி எழுதினாள்: 'ஸ்கேல் 4 செ.மீ. குறைவு. கழித்துக் கணக்கிடப்பட்டது.'

தேர்வாளருக்கு உயிர் வந்தது. "பிரமாதம்மா! நாப்பத்தெட்டு போடறேன். அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிடு."

"அத்த அடிச்சா நாலு எங்கேர்ந்து கழிச்சேன்னு தெரியாதே சார்."

"தெரிய வேணாம்மா. அதான் சொல்றேன்."

சடகோபன் சார் கெஞ்சினார். தலைமையாசிரியர் மிரட்டினார். அவள் அடிக்கவில்லை. வேடியப்பனே, "அடிச்சிடு பாப்பா, உன் நைனா தறியில உக்கார வச்சிடுவாரு" என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இன்றைக்கும் அவருக்கு நெஞ்சில் குத்துகிறது.

தேர்வாளரே அந்த வரியை அடித்தார். திருத்தல் செய்த தாள் என்று குறித்துப் பாஸுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போட்டார். பெயில் போட்டால் மறுபடி யாராவது தாளைக் கேட்பார்கள் இல்லையா. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கேசரியும் இருந்ததாம்.

வேலூரில் அவளுக்குப் பௌதிகம் கிடைக்கவில்லை. அந்த மார்க்குக்கு எங்கே கிடைக்கும்? இரண்டு வருஷம் தறியில் உட்கார்ந்தாள். பிறகு ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நெய்து வரும் புடவையை அளந்து வாங்குகிற வேலை. நாற்பத்தேழு வாங்கிய ஒரு பையன் பி.எஸ்ஸி., பி.எட். முடித்து, சடகோபன் சாருக்குப் பிறகு அதே பள்ளியில் பௌதிக ஆசிரியராக வந்து சேர்ந்தான். வந்ததும் கரும்பலகையில் 980 என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

1987-இல் வேடியப்பனுக்கு ஓய்வு. கடைசி மாதத்தில் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார்: மீட்டர் ஸ்கேலைக் கழித்துக்கட்டி, அதன் விலையை என்னிடம் பிடித்துக்கொண்டு, புதிது வாங்கவும். இரண்டு மாதத்தில் பதில் வந்தது: பதிவேட்டின்படி ஸ்கேல் நல்ல நிலையில் உள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாயம்மாளுக்குப் புடவை எடுக்கும் சாக்கில் அம்மையார்குப்பம் போனார். சங்கத்து மேசையில் வரலட்சுமி இரும்பு ஸ்கேலால் ஒரு புடவையை அளந்துகொண்டிருந்தாள். எதிரில் நின்ற நெசவாளி, அவளுக்கு மாமன் முறை, "இரண்டு விரக்கடைதானே குறையுது, விடும்மா" என்று கெஞ்சினார். "குறையுதுன்னு எழுதிட்டு வாங்கிக்கறேன், பாவா. எழுதாம வாங்க மாட்டேன்" என்றாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"அட, வேடியப்பண்ணா! நாலு சென்டிமீட்டர் பாக்கி வச்சிகினு இத்தினி வருஷம் இந்தப் பக்கமே காணோமே?"

அவர் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"பணமா வேணும்னா வாங்கிக்கம்மா" என்றார்.

"பணத்தை வச்சி இன்னா பண்றது? எனக்கு ஒரு வரிதான் வேணும். நான் எழுதினதைத் தப்பா அடிச்சிட்டோம்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும்."

தாயம்மாளுக்கு ஒரு புடவையை எடுத்துப் பிரித்து, முழுசாக அளந்து காட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வேடியப்பன் அன்றைக்கே அடுத்த மனுவை எழுதினார். இதுவரை ஐந்து மனு போயிருக்கிறது. ஒன்றுக்கும் அந்த வரி வரவில்லை. இந்த வருஷத்துச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. மீட்டர் ஸ்கேல், மரம், ஒன்று.