இரண்டு ஜோடிப் பட்டீஸ்

போலீஸ்காரர்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ளும் கம்பளிப் பட்டி ஒன்று என் தகரப் பெட்டியில் இருக்கிறது. விழுப்புரம் போலீஸ் லைனில் அதைப் பட்டீஸ் என்பார்கள். மூன்று கெஜம் இருக்கும். துவைத்துக் காய்ந்ததும் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். அப்பா மறுமுனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வருவார். குஷி வந்துவிட்டால் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பரமாகச் சுழன்று வந்து என் மூக்கைப் பிடித்து ஆட்டுவார். லைனே வேடிக்கை பார்க்கும். நான் வெட்கத்தில் தலை குனிந்து நிற்பேன்.

அப்பா ஏட்டாக இருந்தார். ஒரு திருடனை ரயிலில் திண்டிவனம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனபோது, சிவப்புத் தலைப்பாகையை அவன் மடியில் வைத்துவிட்டு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்க இறங்கினாராம். வண்டி நகர்ந்ததும் திருடன்தான் கத்திக் கூப்பிட்டு அவரை ஏற்றியிருக்கிறான். "அவன் மட்டும் கத்தலன்னா அன்னிக்கு நான்தான் தப்பிச்ச கைதி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அம்மா பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஐந்தாவது படித்த நான் அப்பாவோடு இருந்தேன். அப்போதுதான் அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. "வயித்துல ஒரு கேடி பூந்துக்கினான்டா, சீக்கிரம் புடிச்சிடுவேன்" என்பார். கால்கள் இளைத்து, சுற்றிய பட்டி கணுக்காலுக்கு நழுவியது. பழைய ஜோடி ஒன்றை அடியில் சுற்றி, அதன்மேல் புதியதைச் சுற்றிக்கொண்டார். அந்தக் கால்களோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போனோம். என்னைப் பெற்றபோதே அம்மா பிழைத்தது பெரிய காரியம்.

"புள்ள பொறக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவலாம். அதுவரைக்கும் உங்கம்மா காதுக்குப் போவக் கூடாது. உன் வாயத் தொறக்கத்தான் பத்து போலீஸ் வேணுமே" என்றார்.

அம்மா அவருடைய வற்றிய முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்துத் தேறினாள். ஆனாலும் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பா ஒழுங்கா சாப்புடறாராடா?" என்று கேட்டாள்.

"சாப்புடறாரு" என்றேன்.

அதிகம் பேசாத பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பியிருப்பாள்.

தங்கை நல்லபடியாகப் பிறந்தாள். அதன்பிறகுதான் அப்பாவை மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தான் சாகும்வரை கேட்கவில்லை. தங்கை குப்புறக் கவிழ்வதற்குள் அப்பா போய்விட்டார். என் படிப்பும் அதோடு நின்றது. மல்லாட்டை மண்டிக்கு மூட்டை தூக்கப் போனேன். முன்னால் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, அம்மா தாங்கியிருப்பாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். பெட்டியில் அந்தப் பட்டியைப் பார்த்துவிட்டு, "அப்பா எப்படிண்ணே இருப்பாரு?" என்று கேட்டாள். அவள் இதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய்யையும்.  "எனுக்காவத்தான் அந்தப் பொய்ய சொன்னியா?" என்றாள் அவள்.

 பட்டியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன். மறுமுனையை இடுப்பில் செருகிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முற்றத்தில் சுழன்று சுழன்று அவளிடம் போய், மூக்கைப் பிடித்து ஆட்டினேன்.